மணி அடிக்குமுன் வந்த இறைச்சி

அமெரிக்கச் சோள வயல்களுக்கு நடுவே கெல்னர் என்ற சிற்றூரில் யாராவது இறந்தால் லூதரன் தேவாலயத்து மணி அடிக்கும். இறந்தவருக்கு எத்தனை வயதோ அத்தனை அடி. பாத்திரம் கழுவுகிறவர்கள் குழாயை மூடிவிட்டு எண்ணுவார்கள். வயலில் இருப்பவர்கள் டிராக்டரை நிறுத்திவிட்டு எண்ணுவார்கள். எண்பதைத் தாண்டினால் பாதிப் பேருக்கு ஆள் யாரென்று தெரிந்துவிடும். நாற்பதில் நின்றுவிட்டால் ஊரே தொலைபேசியை எடுக்கும். அந்த மணி அடிக்கும்வரை, ஒருவர் எவ்வளவு மோசமாகக் கிடந்தாலும், சாவுச் சாப்பாட்டைப் பற்றி யாரும் வாயைத் திறக்கமாட்டார்கள். எங்கும் எழுதிவைக்காத வழக்கம்தான். ஆனால் அதை மீறியவர் என்று யாரையும் யாரும் கேள்விப்பட்டதில்லை.

ஆர்லிஸ் வோண்ட்ராசெக் அதை ஒரே ஒரு தடவை மீறினாள்.

அப்போது அவளுக்கு அறுபத்தேழு வயது. ஊரின் ஒரே மளிகைக் கடையை நடத்திக்கொண்டிருந்தாள். கடை அவளுடையது அல்ல. பழைய முதலாளி பூட்டிக்கொண்டு அரிசோனா வெயிலுக்குப் போய்விட்டபோது ஊர்க்காரர்கள் ஆளுக்கொரு பங்கு போட்டுக் கடையை வாங்கி, சாவியை அவள் கையில் கொடுத்தார்கள். பள்ளிக்கூடம் மூடிய வருடம் அது. பள்ளிச் சமையலறையில் பாதி வாழ்க்கையைக் கழித்த ஆர்லிஸ் வீட்டில் சும்மா உட்கார்ந்திருந்தாள்.

அவள் அங்கே வேலைக்குச் சேர்ந்தபோது மூன்று பெரிய அண்டாக்களில் சமைப்பார்கள். பிறகு இரண்டு. கடைசி வருடத்தில் வீட்டுப் பாத்திரத்திலேயே எல்லாப் பிள்ளைகளுக்கும் சமைத்துவிடலாம் என்றாகிவிட்டது. மிச்சமிருந்த பிள்ளைகளை மஞ்சள் பேருந்து இருபது மைல் தள்ளியிருந்த பிராக்டன் நகரத்துக்கு அள்ளிக்கொண்டு போனது. கடைசி நாள் ஆர்லிஸ் அடுப்பைத் துடைத்து, எரிவாயுவை மூடிவிட்டு, பூட்டுவதற்கு யாராவது வருவார்கள் என்று காத்திருந்தாள். யாரும் வரவில்லை. அவளே பூட்டிவிட்டு வந்தாள்.

ஊருக்கு வடக்கே எட்டு மைல் தள்ளி ஒரு சின்னப் பண்ணையில் பிறந்தவள் அவள். சிறு வயதில் அவர்கள் வீட்டு அடுக்களை ஜன்னலில் நின்றால் சாயங்காலம் நான்கு வீடுகளின் விளக்குகள் தெரியும். இப்போது அந்த நான்கு பண்ணைகளையும், அவளுடைய அப்பாவின் பண்ணையையும் சேர்த்து ஒரே ஆள் பயிரிடுகிறார். அவருடைய இயந்திரம் வானத்திலிருந்து வரும் சமிக்ஞையைப் பார்த்துத் தானே நேராக ஓடும். அவர் குடியிருப்பதும் பிராக்டனில். நிலம் ஓர் அங்குலம்கூடக் குறையவில்லை. சோளம் முன்னைவிட இரண்டு மடங்கு விளைந்தது. அறுவடையின்போது தானியக் கிடங்கு நிரம்பி வழிந்து, தரையில் மலைபோலக் கொட்டிவைத்தார்கள். வெளியூரிலிருந்து வருகிறவர்கள் அந்த மஞ்சள் மலையைப் பார்த்துவிட்டு, என்ன செழிப்பான ஊர் என்பார்கள். ஆர்லிஸுக்கு அதைக் கேட்கும்போதெல்லாம் எரிச்சல் வரும். சோளம் ரொட்டி வாங்கக் கடைக்கு வராது. சோளத்துக்குப் பிள்ளைகள் பிறந்து பால் கேட்காது.

ஊர் எல்லையில் நின்ற பச்சைப் பலகையில் மக்கள்தொகை இருநூற்றுப் பதினான்கு என்று எழுதியிருந்தது. அது பழைய கணக்கு. சரியான கணக்கு ஹார்லன் டிட்மருக்கு மட்டும்தான் தெரியும் என்பார்கள். மணி அடிப்பவர் அவர்தான்.

ஹார்லன் நாற்பது வருடம் தானியக் கிடங்கின் மேலாளராக இருந்தவர். ஆர்லிஸின் கணவன் டுவேனை வேலைக்குச் சேர்த்துக்கொண்டதும் அவர்தான். தானியத் தூசி நுரையீரலில் படிந்துபோய், டுவேன் அறுபத்தொரு வயதில் பிராக்டன் ஆஸ்பத்திரியில் இறந்தான். மகன் ஓமாஹாவிலிருந்து வந்துகொண்டிருந்தான். ஆர்லிஸ் தனியாகத்தான் வண்டி ஓட்டிக்கொண்டு ஊருக்குத் திரும்பினாள். பலகையைத் தாண்டி ஊருக்குள் திரும்பியதும் மணி அடிக்க ஆரம்பித்தது. அவள் வண்டியை ஓரமாக நிறுத்தி, கண்ணாடியை இறக்கிவிட்டு, அறுபத்தொன்றையும் கேட்டாள். செய்தி வந்து மூன்று மணி நேரம் ஆகியிருந்தும் ஹார்லன் கயிற்றைத் தொடாமல், தேவாலய வாசலில் நின்று சாலையையே பார்த்துக்கொண்டிருந்தார் என்று பிற்பாடுதான் தெரிந்தது. அவள் போய் நன்றி சொன்னபோது, "நீ வந்து கேக்க வேண்டாமா? உன் புருஷனுக்கு அடிக்கற மணிம்மா," என்று மட்டும் சொன்னார்.

கடைக்குச் சரக்கு வருவது வியாழக்கிழமை லாரியில். செவ்வாய் மத்தியானத்துக்குள் தொலைபேசியில் ஆர்டர் சொல்லிவிட வேண்டும். மொத்த வியாபாரி ஒரு குறைந்தபட்சத் தொகை வைத்திருந்தார். அதற்குக் கீழே போனால் இவ்வளவு தூரம் லாரி ஓட்டுவது நஷ்டம் என்பது அவர் கணக்கு. தொடர்ந்து மூன்று வாரம் குறைந்தால் அந்த ஊர் நிறுத்தத்தையே எடுத்துவிடுவார். லாரி நின்றால் கடை நிற்கும். கடை நின்றால் ஒரு பால் குப்பிக்கு பிராக்டன் போய்வர நாற்பது மைல்.

கடையை ஆர்லிஸ் இத்தனை வருடம் எப்படி ஓட்டினாள் என்பதில் அவள் யாரிடமும் சொல்லாத விஷயம் ஒன்று இருந்தது. குறைகிற வாரங்களைச் சாவுகள்தான் தூக்கிவிட்டன. தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் போடும் சாவுச் சாப்பாட்டுக்குப் பன்றித்தொடை இறைச்சி, வட்ட ரொட்டி, வெண்ணெய், உருளைக்கிழங்கு, ஊறவைத்த வெள்ளரி, காப்பித்தூள் எல்லாம் அவள் கடையிலிருந்துதான் போகும். ஒரு பெரிய சாவு வந்தால் அந்த வாரம் ஆர்டரைப் பற்றிக் கவலையில்லை. அடுத்த வாரத்திலிருந்து ரொட்டி வாங்க ஓர் ஆள் குறைவு. இது அவளுக்கு நன்றாகத் தெரியும். தெரிந்ததை நினைக்காமல் இருக்கவும் பழகியிருந்தாள்.

அந்த வருடம் ஜனவரி முழுவதும் பனியும் காற்றுமாக இருந்தது. யாரும் சாகவுமில்லை, கடைக்கு அதிகம் வரவுமில்லை. இரண்டு வாரம் தொடர்ந்து ஆர்டர் குறைந்துபோனது. மூன்றாவது செவ்வாய்க்கிழமை காலையில், டோரீன் ஹோல்ட் பூட்ஸில் ஒட்டிய பனியைத் தட்டிக்கொண்டே கடைக்குள் வந்தாள். ஆர்லிஸோடு ஒரே வகுப்பில் படித்தவள். சாவுச் சாப்பாட்டுக்குத் தலைமை அவள்தான்.

"ராத்திரி ஒரு ஸ்பூன் சூப்புகூட இறங்கலையாம்டி," என்றாள் டோரீன்.

"யாருக்கு?"

"யாருக்கா? ஊர்ல வேற யாரு படுத்துட்டிருக்கா? ஹார்லனுக்குத்தான். மக கோலீன் டென்வர்லேருந்து வந்துட்டா. ஞாயித்துக்கிழமை தாண்டாதுன்னு நர்சு சொல்லிட்டாளாம்."

ஆர்லிஸ் கையிலிருந்த ஆர்டர் தாளைக் கல்லாமேல் வைத்தாள்.

"உன் மூஞ்சி ஏன் இப்படிப் பேயறைஞ்ச மாதிரி இருக்கு?"

"இன்னிக்கும் ஆர்டர் பத்தலை. இது மூணாவது வாரம்."

"அதுக்கென்ன, இன்னும் ரெண்டு பெட்டி கக்கூஸ் பேப்பர் போட்டுக்கோ."

"பின்னாடி ரூம்ல கூரை வரைக்கும் அதான் அடுக்கியிருக்கேன். ஊருக்கே வயித்தால போனாலும் தீராது."

டோரீன் சிரித்தாள். ஆர்லிஸும் சிரித்தாள். டோரீன் போகிறபோது கதவருகில் நின்று, ஏதோ சொல்ல வாயெடுத்து, சொல்லாமல் கையுறையை மாட்டிக்கொண்டு போய்விட்டாள். அவள் என்ன சொல்ல வந்தாள் என்று ஆர்லிஸுக்குத் தெரியும்.

பன்னிரண்டு அடிக்கக் கொஞ்ச நேரம் இருக்கும்போது ஆர்லிஸ் தொலைபேசியை எடுத்தாள். வழக்கமான சரக்குகளைச் சொன்னாள். சொல்லி முடித்தபின் மறுமுனையில் இருந்த பெண் கேட்டாள்: "அவ்வளவுதானா?"

"பன்னித்தொடை. எலும்பில்லாதது, பெருசு," என்றாள் ஆர்லிஸ்.

நூற்றைம்பது பேருக்கு வேண்டியதைச் சொன்னாள். ஹார்லனுக்கு அதற்குக் குறைந்து கூட்டம் வராது. ரொட்டி, வெண்ணெய், உருளைக்கிழங்கு, காப்பித்தூள். தொலைபேசியை வைத்ததும் தீயணைப்பு நிலையத்தில் சைரன் ஊதியது. தினமும் நண்பகலுக்கு ஊதுவதுதான். அன்றைக்கு அவளுக்குத் தூக்கிவாரிப்போட்டது.

வியாழக்கிழமை லாரி வந்தது. ஓட்டுநர் ரஸ்ஸலுக்கு இந்த ஊரைப் பதினைந்து வருடமாகத் தெரியும். பெட்டிகளைத் தள்ளுவண்டியில் அடுக்கி உள்ளே கொண்டுவந்தவர் மேலே இருந்த சீட்டைப் படித்தார்.

"அடடா. யாருங்க போனது?"

கடையின் முன்பக்கத்து மேஜையில் தினமும் காப்பி குடிக்க வரும் இரண்டு கிழவர்கள் உட்கார்ந்திருந்தார்கள். இருவரும் குவளையைக் கீழே வைத்தார்கள்.

"யாரும் போகலை. பேசாம எறக்கு," என்றாள் ஆர்லிஸ்.

"யாரும் போகலையா? அப்ப கல்யாணமா? இந்த ஊர்ல கல்யாணம் பண்ற வயசுல யாரு இருக்கா? இவங்க ரெண்டு பேருமா?"

கிழவர்கள் சிரிக்கவில்லை. ஒருவர் பெட்டிகளைப் பார்த்தார், மற்றவர் தேவாலயம் இருக்கும் பக்கம் ஜன்னல் வழியாகப் பார்த்தார். அப்புறம் இருவரும் தொப்பியை எடுத்து மாட்டிக்கொண்டு, காப்பியை மிச்சம் வைத்துவிட்டுப் போனார்கள். பொழுது சாய்வதற்குள் விஷயம் எல்லா வீட்டுக்கும் போய்விட்டது. மணி அடிப்பதற்கு முன்னாலேயே ஹார்லனுக்கு இறைச்சி வந்துவிட்டது.

வெள்ளிக்கிழமை ஹார்லன் எழுந்து உட்கார்ந்து, முட்டை பொரித்துத் தரச் சொன்னார்.

சனிக்கிழமை காலையில் கோலீன் கடைக்கு வந்தாள். ஐம்பது வயதுக்காரி. ஆனாலும் பள்ளிச் சாப்பாட்டு வரிசையில் நின்று கூப்பிட்ட மாதிரியே இன்னும் கூப்பிடுவாள்.

"மிஸஸ் வி, அப்பா உங்களை வரச் சொல்றார்."

"கோலீன், நான் வந்து..."

"எங்கிட்ட ஒண்ணும் சொல்லாதீங்க. எனக்கு இன்னும் கோவம் போகலை. அவர்கிட்டயே பேசிக்கோங்க."

ஆர்லிஸ் கடையைப் பூட்டிக்கொண்டு போனாள். நடந்தால் ஐந்து நிமிடம்கூட ஆகாது. வழியில் இரண்டு வீடுகளின் திரைச்சீலை அசைந்ததை அவள் பார்த்தாள்.

முன்னறையில் ஆஸ்பத்திரிக் கட்டில் போட்டிருந்தார்கள். அதில் சாய்ந்தபடி பார்த்தால் ஜன்னலில் கிடங்கின் வெள்ளைக் கோபுரங்கள் தெரியும். ஹார்லனின் முகம் சுண்டிப்போய், காதுகள் மட்டும் பெரிதாகத் தெரிந்தன.

"வா வா. கோட்டைக் கழட்டிட்டு உக்காரு. நான் இன்னும் சூடாத்தான் இருக்கேன், பயப்படாத."

ஆர்லிஸ் கோட்டைக் கழற்றாமலே நாற்காலி நுனியில் உட்கார்ந்தாள்.

"என் கறி நல்லபடியா வந்து சேந்துச்சா?"

"ஹார்லன், நான் செஞ்சது..."

"எலும்போடயா, எலும்பில்லாமலா?"

"எலும்பில்லாம."

"நல்ல வேளை. ஜெரால்டு சாவுக்கு எலும்போட போட்டாங்க. வெட்டி முடிக்கறதுக்குள்ள காப்பி ஆறிப்போச்சு. ஜெரால்டும் ஆறிப்போயிட்டான்."

"அப்பா!" என்றாள் கோலீன்.

"நீ போய் எங்களுக்குக் காப்பி போடும்மா."

கோலீன் உள்ளே போனாள். ஆர்லிஸ் லாரியைப் பற்றிச் சொன்னாள். மூன்றாவது வாரம் என்றாள். வேறு எதை ஆர்டர் செய்வது என்று தெரியவில்லை என்றாள். "எல்லாரும் சொன்னாங்க, நீங்க இந்த வாரம்..." என்று ஆரம்பித்து, முடிக்க முடியாமல் நிறுத்தினாள்.

"போயிடுவேன்னு. நானுந்தான் சொன்னேன். நாம எல்லாரும் ஏமாந்துட்டோம். எத்தனை பேருக்குப் போட்டிருக்க?"

"நூத்தம்பது."

ஹார்லன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். உதடுகள் அசைந்தன. மனதுக்குள் வீடு வீடாகப் போய் எண்ணிக்கொண்டிருக்கிறார் என்று ஆர்லிஸுக்குப் புரிந்தது.

"அவ்வளவு பேருக்கு எங்கம்மா போவ? வரவேண்டியவங்கள்ல பாதிப் பேருக்கு நானே மணி அடிச்சாச்சே."

அதற்கு அவள் கொஞ்சம் சிரித்தாள். ஹார்லன் சிரிக்கவில்லை. கழுத்தை மெதுவாக அவள் பக்கம் திருப்பினார்.

"டுவேனுக்கு நான் காத்திருந்தேன்."

"ஆமா."

"நீ எனக்குக் காத்திருக்கலை."

மன்னிப்புக் கேட்க வேண்டும் என்றுதான் அவள் வந்தாள். வழிநெடுக வார்த்தைகளைச் சேர்த்துக்கொண்டும் வந்தாள். அவற்றில் எதுவும் இப்போது உதவாது என்று பட்டது.

"இல்ல. காத்திருக்கலை," என்றாள்.

அவர் தலையசைத்தார். கோலீன் காப்பி கொண்டுவந்தாள். அவர் இரண்டு வாய் குடித்துவிட்டுக் குவளையைத் திருப்பிக் கொடுத்தார்.

"சரி, கெட்டுப்போறதுக்குள்ள சாப்பிட்டுடுவோம். நாளைக்குப் பிரசங்கம் முடிஞ்சதும் கீழ்த்தளத்துல போட்டுடு. தடபுடல் வேண்டாம். பேச்சு, பாட்டு, பூ ஒண்ணும் கூடாது. என் பேரை யாரும் எடுக்கக் கூடாது. கறி இருக்கு, வந்து சாப்பிடுங்கன்னு சொன்னாப் போதும்."

ஞாயிற்றுக்கிழமை அப்படியே நடந்தது. ஆர்லிஸும் டோரீனும் விடியும்போதே போய் மேஜைகளை இழுத்துப் போட்டு, இறைச்சியைச் சீவி, ரொட்டிக்கு வெண்ணெய் தடவினார்கள். பழக்கத்தில் ஆர்லிஸ் நூற்றைம்பது நாற்காலி போட்டுவிட்டாள். ஹார்லனைச் சக்கர நாற்காலியில் வைத்து நான்கு பேர் படியிறக்கிக் கொண்டுவந்து காப்பிப் பானைக்குப் பக்கத்தில் விட்டார்கள்.

வந்தவர்கள் ஒவ்வொருவராக அவர் அருகில் போய் நின்றார்கள். இந்தக் குளிர் எப்போது விடும் என்று கேட்டார்கள். சோளத்தின் விலை இறங்கியதைச் சொன்னார்கள். ஒருவர் தன் லாரியின் கியர்பெட்டி போனதைப் பற்றி வெகுநேரம் பேசினார். போய்வருகிறேன் என்று சொல்லும்போது மட்டும் எல்லோரும் அவர் கையை வழக்கத்தைவிடக் கொஞ்சம் அதிக நேரம் பிடித்திருந்தார்கள். வேறெதுவும் யாரும் சொல்லவில்லை.

"சாவுச் சாப்பாட்டுக்குச் செத்தவரே வந்து ரெண்டாந்தடவை வாங்கிச் சாப்பிடறதை இப்பத்தான்டி பாக்கறேன்," என்று டோரீன் ஆர்லிஸின் காதில் சொன்னாள்.

"சத்தம் போடாத."

"அவருக்கா கேக்கப்போவுது? பாரு, கடுகுச் சட்டினி வேணுமாம்."

பாதி நாற்காலிகளுக்கு மேல் காலியாக இருந்தன. ஹார்லன் அவற்றைப் பார்த்தார். ஒரு வரிசையைப் பார்த்து முடித்துவிட்டு அடுத்த வரிசைக்குப் போனார். ஆர்லிஸ் நாற்காலிகளை மடித்து வைக்கலாமா என்று யோசித்தாள். அது இன்னும் மோசமாக இருக்கும் என்று விட்டுவிட்டாள்.

மிஞ்சிய இறைச்சியையும் ரொட்டியையும் அலுமினியத் தாளில் சுற்றி எல்லோர் கையிலும் கொடுத்தனுப்பினார்கள். வேண்டாம் என்றவர்களின் வண்டியிலும் வைத்தார்கள். அந்த வாரத்து லாரி தப்பியது என்ற நிம்மதியில் ஆர்லிஸ் வீட்டுக்குப் போய்ச் சட்டையை மாற்றாமலே தூங்கிப்போனாள்.

கடை நடத்துகிறவளுக்குத் தோன்றியிருக்க வேண்டிய ஒன்று அவளுக்குத் தோன்றவில்லை. எல்லா வீட்டு உறைபெட்டியிலும் இப்போது இறைச்சியும் ரொட்டியும் இருந்தன. தூக்கிப்போடுவது அந்த ஊர் மனிதர்களின் வழக்கம் இல்லை. தீரும்வரை தின்றார்கள். சூப்பில் போட்டார்கள், பட்டாணியோடு வேகவைத்தார்கள், முட்டையோடு பொரித்தார்கள். பிப்ரவரி முழுவதும் ஆர்லிஸின் கடையில் இறைச்சி விற்கவில்லை, ரொட்டி விற்கவில்லை. ஆர்டர் முன்னைவிடக் கீழே போனது.

செவ்வாய்தோறும் காலையில் ஹார்லன் தொலைபேசியில் கூப்பிடுவார்.

"இன்னிக்கும் குறையுதா?"

"பாத்துக்கலாம் விடுங்க."

"பீச்சுப்பழ டப்பா ஒரு பெட்டி போடு."

"போன வாரந்தானே ஒரு பெட்டி வாங்கினீங்க?"

"நான் பண்ண வேண்டியதைப் பண்ணாம உசுரோட உக்காந்து உன் வியாபாரத்தைக் கெடுக்கறேன். பீச்சாவது திங்கறேனே."

அவருடைய கட்டிலுக்கு அடியில் டப்பாக்கள் இடிக்கின்றன, துடைக்க முடியவில்லை என்று கோலீன் குறைபட்டாள். அவள் கோபம் போய்விட்டிருந்தது. டென்வருக்குப் போவதும் வருவதுமாக இருந்தாள். ஆர்லிஸ் கடையை மூடிவிட்டுச் சில சாயங்காலங்களில் அவரோடு போய் உட்காருவாள். இருவரும் கிடங்கைப் பார்த்துக்கொண்டிருப்பார்கள். அதிகம் பேசமாட்டார்கள். அந்த ஒரு வாக்கியத்தை அவர் மறுபடி சொல்லவே இல்லை. அவள் ஒவ்வொரு தடவையும் அதை எதிர்பார்த்தே உட்கார்ந்திருந்தாள்.

பீச்சுப்பழம் சில வாரங்களைக் காப்பாற்றியது, ஆனால் மார்ச்சில் மூன்று வாரம் தொடர்ந்து குறைந்தது. மாதக் கடைசியில் மொத்த வியாபாரியின் அலுவலகத்திலிருந்து ஓர் இளைஞன் கூப்பிட்டான். ரொம்ப மரியாதையாகப் பேசினான். அவள் ஊரின் பெயரை இரண்டு தடவை தப்பாக உச்சரித்தான். கடைசி லாரி வந்த அன்று ரஸ்ஸல் எல்லாப் பெட்டியையும் இறக்கிவிட்டு, வழக்கத்துக்கு மாறாக உட்கார்ந்து ஒரு குவளை காப்பி குடித்தார்.

"அன்னிக்கு நான் வாயை மூடிட்டு இருந்திருக்கணும்ங்க," என்றார்.

"நீ என்ன பண்ணுவ. சீட்டுல இருந்ததைத்தானே படிச்ச."

மே மாதம் கடை மூடியது. மிஞ்சிய சரக்கை ஊர்க்காரர்கள் வாங்கிக்கொண்டார்கள், கூரைவரை அடுக்கியிருந்த காகிதம் உட்பட. ஆர்லிஸ் அலமாரிகளைத் துடைத்தாள். குளிர்பெட்டிகளை ஒவ்வொன்றாக அணைத்தாள். இந்தத் தடவை யாருக்காகவும் காத்திருக்காமல் பூட்டிவிட்டு நடந்தாள்.

பிறகு அவளும் எல்லோரையும் போல பிராக்டனில் உள்ள பெரிய கடைக்குப் போனாள். முன்பெல்லாம் கெல்னர்க்காரர்கள் அங்கே ஒருவரையொருவர் பார்த்துவிட்டால் அடுத்த வரிசைக்கு நழுவிவிடுவார்கள். ஆர்லிஸுக்குத் தெரியக் கூடாது என்று பைகளை வண்டியின் தரையில் வைத்துக் கோட்டைப் போட்டு மூடி வருவார்கள். இப்போது தூரத்திலிருந்தே அவளைப் பார்த்துக் கையசைத்தார்கள். தள்ளுவண்டியை நிறுத்தி நலம் விசாரித்தார்கள். அவளும் விசாரித்தாள்.

செப்டம்பரில், அறுவடை தொடங்கிய வாரத்தில், ஒரு புதன்கிழமை மத்தியானம் கோலீன் கூப்பிட்டாள்.

"மிஸஸ் வி, அப்பா போயிட்டார். பாதிரியார் வேற ஊர்ச் சபையில இருக்கார். மணி அடிக்க ஆள் இல்லை."

ஹார்லன் படுக்கையில் விழுந்த பிறகு அந்த ஊரில் யாரும் சாகவில்லை. அதனால் இந்தக் கேள்வி யாருக்கும் வந்திருக்கவில்லை. ஆர்லிஸ் போய்த் தேவாலயத்தைத் திறந்தாள். கயிற்றில் கைபடும் இடம் கறுத்து வழவழப்பாக இருந்தது. எண்பத்தொன்பது அடிக்க வேண்டும். முப்பதுக்குள் தோள் வலித்தது. ஐம்பதில் உள்ளங்கை எரிந்தது. அறுபத்தொன்று வந்தபோது அவள் கை தானாக நின்றது. பிறகு மறுபடி இழுத்தாள். ஆனால் எண்ணிக்கை அதற்குமேல் ஒழுங்காக நிற்கவில்லை. எழுபதுகளில் எங்கோ தப்பிவிட்டது. குத்துமதிப்பாக அடித்து முடித்துவிட்டு வெளியே வந்தாள்.

டோரீன் படியில் உட்கார்ந்திருந்தாள்.

"எண்பத்தேழுதான்டி வந்துது எனக்கு."

"நடுவுல தப்பிடுச்சு. வேற யாராவது எண்ணியிருப்பாங்களா?"

டோரீன் தெருவுக்கு அப்பால் பார்த்தாள். வயலில் இரண்டு அறுவடை இயந்திரங்கள் தூசியைக் கிளப்பிக்கொண்டு போய்க்கொண்டிருந்தன. கண்ணாடிக் கூண்டு, உள்ளே குளிர்ந்த காற்று, வானொலிப் பாட்டு. இரண்டும் நிற்கவில்லை.

ஆர்லிஸ் உள்ளே திரும்பிப் போய், கயிற்றைப் பிடித்து, இன்னும் இரண்டு அடித்தாள்.

சனிக்கிழமை அடக்கம். காலையில் ஆர்லிஸ் கீழ்த்தளத்துக்கு வந்தபோது சாப்பாடு ஏற்கனவே மேஜையில் இருந்தது. பிராக்டன் கடையின் பெரிய கறுப்புத் தட்டுகள், மேலே கண்ணாடி போன்ற மூடிகள். இறைச்சியைச் சுருட்டிச் சுருட்டி வட்டமாக அடுக்கியிருந்தார்கள். வெட்டவோ வெண்ணெய் தடவவோ ஒன்றும் இல்லை. டோரீன் கையைக் கட்டிக்கொண்டு நின்றாள்.

"கறி நல்லாத்தான் இருக்கும்போல," என்றாள் டோரீன்.

"நல்லாத்தான் இருக்கும்."

மூடியில் ஒட்டியிருந்த வெள்ளைச் சீட்டை ஆர்லிஸ் படித்தாள். எடை, விலை, டிட்மர் என்ற பெயர். அதன் கீழே, ஆர்டர் வாங்கியது திங்கட்கிழமை என்று அச்சிட்டிருந்தது. மணி அடித்தது புதன்கிழமை. அவள் நிமிர்ந்தபோது கோலீன் பக்கத்தில் நின்றுகொண்டிருந்தாள். அழுது கண் வீங்கியிருந்தது.

"இவ்வளவு தட்டுன்னா அஞ்சு நாள் முன்னாடியே சொல்லணும்னுட்டாங்க, மிஸஸ் வி," என்றாள். "எனக்கு வேற வழி தெரியலை."

"தெரியும்மா," என்றாள் ஆர்லிஸ். "நீ மேல போ. எல்லாரும் வர்ற நேரம்."

கோலீன் படியேறிப் போனாள். ஆர்லிஸ் கட்டைவிரல் நகத்தால் சீட்டின் ஓரத்தைக் கிளப்பி, கிழியாமல் மெதுவாக உரித்தாள். பரிசாகக் கொடுக்கிற பொருளிலிருந்து விலைச்சீட்டை எடுத்துத் தரும்படி கடையில் யாராவது கேட்டால் அப்படித்தான் எடுத்துக் கொடுப்பாள். உருண்டை பிடித்து ஏப்ரன் பைக்குள் போட்டுக்கொண்டு அடுத்த தட்டுக்குப் போனாள். மாடியில் நாற்காலிகள் இழுபடும் சத்தம் கேட்கத் தொடங்கியது. இன்னும் ஐந்து தட்டுகள் இருந்தன.